‘சனங்க கெட்டுப் போயிட்டாங்க’: ஒரு தோல்வி வாக்கியத்தைப் பிரித்துப் பார்த்தல்

பழமைவாதக் கட்சி என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்ட கட்சி எதுவும் தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் பழமைவாத வாக்காளர் இருக்கிறார். சமயம், சாதி ஒழுங்கு, சொத்து, பெரியவர் சொல் எல்லாம் குலையாமல் இருக்க வேண்டும் என்று ஓட்டுப் போடுகிறவர். வேறுவேறு சின்னங்களுக்குள் ஒளிந்திருப்பதால் ஜெயிக்கும்போது அவரை அடையாளம் காண முடிவதில்லை. தோற்றபின் அவர் சொல்லும் வாக்கியம் காட்டிக்கொடுத்துவிடுகிறது: ‘சனங்க கெட்டுப் போயிட்டாங்க.’

இந்த வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்கத் தோதான தேர்தல் 1971. ராஜாஜியின் 1953ஆம் ஆண்டுக் கல்வித் திட்டம் ‘குலக்கல்வி’ என்று எதிர்க்கப்பட்டு, அவர் விலகி, 1954இல் காமராசர் முதல்வரானார். 1967இல் ராஜாஜியின் சுதந்திராக் கட்சி தி.மு.க.வோடு சேர்ந்து காங்கிரசை வீழ்த்தியது. 1971இல் ராஜாஜியும் காமராசரின் ஸ்தாபன காங்கிரசும் ஒரே அணி. காமராசரைப் பழமைவாதி என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பழமைவாத வாக்காளர் அந்தத் தேர்தலில் ஒதுங்கிய நிழல் அவருடையது.

அந்த ஜனவரியில் சேலத்தில் திராவிடர் கழகம் நடத்திய மூடநம்பிக்கை ஒழிப்பு ஊர்வலத்தில் ராமன் உருவம் செருப்படி பட்டது தேர்தல் பிரச்சினையானது. சாமி கும்பிடுகிற எவனும் இனி உதயசூரியனுக்குப் போடமாட்டான் என்பது கணக்கு. மார்ச்சில் முடிவு வந்தது. 1967இல் 137 இடம் பெற்ற தி.மு.க., 234இல் 184 பெற்றது. ஸ்தாபன காங்கிரசுக்கு 15, சுதந்திராவுக்கு 6.

கணக்கு எங்கே பிசகியது? காலையில் கோயிலுக்குப் போய்விட்டு மதியம் உதயசூரியனுக்குக் குத்தியவர் நாத்திகராகிவிடவில்லை. பக்தி அவருடையது, பக்தியின் பேரில் பேசுகிற உரிமையை வேறொருவருக்கு எழுதிக் கொடுக்க அவர் தயாராக இல்லை. 1970இல்தான் நில உச்சவரம்பு 30 தர ஏக்கரிலிருந்து 15 ஆகக் குறைந்தது. குடிசை மாற்று வாரியம் வந்தது. பரம்பரை அர்ச்சகர் உரிமையை ஒழிக்கும் திருத்தம் நிறைவேறியது. இந்தக் கடைசிச் சட்டம் கருவறைக்குள் இருந்தவருக்கு அபசாரம், வெளியே நின்றவருக்கு நுழைவு. ஒரே கோயில், நிற்கிற இடம் வேறு.

இன்னொன்று, எண்ணுகிற முறை. ஸ்தாபன காங்கிரஸ் பெற்ற ஓட்டு ஏறத்தாழ 35 விழுக்காடு. கிடைத்த இடமோ ஆறு விழுக்காட்டைச் சற்றே தாண்டும். இந்திரா காங்கிரஸ் சட்டமன்றத்துக்குப் போட்டியிடாமல் தி.மு.க.வை ஆதரித்தது. தொகுதியில் ஒரு ஓட்டுக் கூடினாலும் முழு இடமும் வென்றவருக்கே என்கிற முறையில், மாநிலமெங்கும் பரவிக் கிடந்த மூன்றிலொரு பங்கு கரைந்துபோனது. ஆகவே ‘சனங்க’ இவரைக் கைவிடவும் இல்லை, கெட்டுப்போகவும் இல்லை. ‘சனங்க’ என்றால் ‘நாங்க’ என்கிற சமன்பாடுதான் உடைந்தது. அவர் துக்கம் அந்தச் சமன்பாட்டுக்கான துக்கம்.

ஐம்பது ஆண்டு தாண்டி நான் அறிந்த வட்டாரத்துக்கு வருகிறேன். 2021இல் சிறுசேரி அடங்கிய திருப்போரூரில் தி.மு.க. அணியின் விடுதலைச் சிறுத்தைகள், அ.தி.மு.க. அணியின் பா.ம.க.வை இரண்டாயிரத்துக்கும் குறைவான ஓட்டில் வென்றது. தனித் தொகுதி அல்ல, பொதுத் தொகுதி. மாம்பழத்துக்குப் போட்ட எல்லாரும் பழமைவாதிகள் இல்லை. ஆனால் சிறுசேரி டீக்கடையில் ஒரு பெரியவர், ‘பொதுத் தொகுதியே போயிடுச்சுப்பா’ என்றார். எங்கே போனது? பொது என்றால் நம்மது என்று வாசித்துப் பழகியவருக்கு, எல்லாருடையதும் ஆனதும் அது தொலைந்துபோகிறது.

அவர் ஏமாற்றத்தில் வெறும் சாதித் திமிரைப் பார்ப்பது சோம்பேறித்தனம். வயல்காடாக இருந்த பக்கத்தில் சிப்காட் வந்து, கணினிக் கம்பெனிகள் வந்து, ஊரின் பேச்சு மாறிவிட்டது. 2021 பிப்ரவரியில் சட்டமன்றம் தந்த வன்னியர் 10.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை நவம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. வேலைக்கும் படிப்புக்குமான கோரிக்கை அது. இழப்பு மெய், அதற்கு அவர் கொடுக்கிற விளக்கம்தான் பொய்.

நம் பக்கத்துக்கும் ஒரு வாக்கியம் உண்டு: ‘மக்கள் இன்னும் விழிக்கவில்லை.’ அவர் தன் மெய்யான மக்களைக் கடந்தகாலத்தில் வைத்திருக்கிறார், நாம் எதிர்காலத்தில். இன்று வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுவிட்டுப் போகிற ஆளை இரண்டு பேருமே பார்ப்பதில்லை. 1974இல் சுதந்திராக் கட்சி கலைந்தது. 1975இல் காமராசர் மறைந்தார். ஆனால் அந்த 35 விழுக்காட்டினர் ஊரில்தான் இருந்தார்கள். அவர்கள் அதன்பின் எந்தெந்தச் சின்னத்துக்குள் குடியேறினார்கள், அதில் எத்தனை பேர் இப்போது நம் மேடைக்கு முன்னாலேயே உட்கார்ந்து கைதட்டுகிறார்கள் என்று கேட்பதிலிருந்து நம் வேலையைத் தொடங்கலாம்.