கிள்ளான் பிள்ளைகளுக்கு ஒரு ரப்பர் பாடம்

வார இறுதி டியூஷன் என்றதும் மலேசியத் தமிழ்க் குடும்பங்களுக்கு நினைவுக்கு வருவது ஸ்ரீ முருகன் நிலையம். 1982-இல் டாக்டர் எம். தம்பிராஜா தொடங்கியது. அங்கே பாடம் நடத்துகிறவர்களில் பலர் பல்கலைக்கழக மாணவர்கள். நம் பிள்ளைகள் பரீட்சையில் கரையேற வேண்டும் என்ற கவலையில் பிறந்த வகுப்புகள் அவை. அந்தக் கவலை இன்னும் தீரவில்லைதான். ஆனாலும் படிவம் ஒன்று முதல் மூன்று வரை படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த அண்ணன்மார், அக்காமார் இன்னொன்றையும் சொல்லித்தர வேண்டும் என்பது என் ஆசை: எங்கோ நிர்ணயமாகும் விலை நம் வீட்டுச் சம்பளத்தை என்ன செய்கிறது?

உதாரணத்துக்குக் கிள்ளானே போதும். 1930-களின் தொடக்கத்தில் உலகெங்கும் பொருளாதார மந்தம்; ரப்பர் விலை படுத்தது. ஆயிரமாயிரம் தமிழர்களைக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு ஐரோப்பாவில் போர் மூண்டது. ரப்பருக்குக் கிராக்கி வந்தது. தோட்டத்து லாபம் ஏறியது, அரிசி விலையும் ஏறியது. கூலி ஈடுகொடுக்கவில்லை. விலை விழும்போது சட்டென்று விழும் கூலி, விலை ஏறும்போது ஏன் தயங்குகிறது? பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இந்தக் கேள்வி புரியும்.

1941-இல் கிள்ளான் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் முன்னின்றார். சீனத் தொழிலாளிக்குக் கிடைக்கும் கூலி எங்களுக்கும் வேண்டும், கள்ளுக்கடையை மூடு என்பவை கோரிக்கைகளில் சில. இன்னொன்றை வகுப்பில் நிறுத்திச் சொல்ல வேண்டும்: துரையோ கிராணியோ எதிரில் வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். அந்த வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள்.

இன்று அதே கிள்ளானில் ரப்பர் கையுறைத் தொழிற்சாலைகள். 2020-இல் கட்டாய உழைப்புப் புகாரின்பேரில் டாப் குளோவ் துணை நிறுவனங்களின் கையுறைகளை அமெரிக்கா தடுத்து நிறுத்தியது. வேலைக்கு வர முகவருக்குக் கட்டிய பணத்தால் கடனில் மூழ்கியிருந்தவர்கள் நேபாளிகளும் வங்காளதேசிகளும். கங்காணியிடம் முன்பணக் கடன் பட்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தத் தொழிலாளர்களின் கதை அந்நியமாகத் தோன்றக் கூடாது.

வீட்டுப்பாடமாக அப்பா, அம்மாவின் சம்பளச் சீட்டைப் பார்த்துவரச் சொல்லலாம். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். சீட்டில் எவ்வளவு இருக்கிறது? ஈபிஎஃப், சொக்சோ கழிகிறதா? ஓவர்டைம் எந்தக் கணக்கில்?