பத்து மதிப்பெண், முப்பது நாள்

இடுப்பு எலும்பு முறிந்து இங்கிலாந்தின் நாட்டிங்காமில் அறுவை சிகிச்சை பெற்ற 6,202 பேரின் கணக்கு 2011இல் வெளியானது. முதல் 30 நாளில் இறந்தவர்கள் 8.3 சதவீதம், ஏறத்தாழ 515 பேர். ஓராண்டு முடிவில் 29.3 சதவீதம், ஏறத்தாழ 1,817 பேர்.

இந்த இறப்பு வாய்ப்பைக் கணிக்க அங்கு 2008இல் ஒரு மதிப்பெண் முறை உருவானது. உச்சம் 10, தேர்வு மதிப்பெண் போலல்ல, குறைந்தால்தான் நல்லது. வயது 66 முதல் 85 வரை என்றால் 3, 86ஐத் தொட்டால் 4. பின்வருவனவற்றுக்குத் தலா 1: ஆணாக இருத்தல், அனுமதியின்போது ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 10 கிராம் அல்லது அதற்குக் குறைவு, 10 கேள்வி நினைவுச் சோதனையில் 6 அல்லது அதற்குக் கீழ், முதியோர் காப்பகத்தில் வசித்தல், உடனிருக்கும் நோய்கள் இரண்டோ கூடுதலோ, புற்றுநோய்.

2012இல் திருத்திய சூத்திரப்படி 30 நாள் இறப்பு வாய்ப்பு 3 மதிப்பெண்ணுக்கு 2.7 சதவீதம், 4க்கு 4.4, 5க்கு 6.9, 8க்கு 23.8. முழு 10க்கும் 45 சதவீதமே. 8 பெற்ற 100 பேரில் 76 பேர் முதல் மாதத்தைக் கடப்பார்கள்; அந்த 76 பேர் யார் யார் என்று சூத்திரம் சொல்லாது.

2011 ஆய்வு 4 வரை குறைந்த அபாயம், 5 முதல் மிகுந்த அபாயம் என்று கோடு கிழித்தது. வேறு நோயே இல்லாத 86 வயது ஆண், வயதாலும் பாலினத்தாலும் மட்டுமே 5 பெற்றுக் கோட்டைத் தாண்டிவிடுகிறார். இரத்தம் ஏற்றினாலும் மதிப்பெண் குறையாது. கணக்கில் வருவது அனுமதி நாளின் அளவு.

குறைந்த அபாயப் பிரிவில் 30 நாள் இறப்பு 3.5 சதவீதம், ஓராண்டில் 15.9. மிகுந்த அபாயப் பிரிவில் 13.7, ஓராண்டில் 45.5. அதாவது ஓராண்டு இறப்புகளில் முதல் பிரிவில் 78 சதவீதமும் இரண்டாவதில் 70 சதவீதமும் 30ஆம் நாளுக்குப் பிறகே நேர்ந்தன. முதல் மாதத்தை மட்டும் பார்ப்பவர் பெரும்பகுதியைத் தவறவிடுகிறார்.

மருத்துவமனையின் வேகத்துக்கு இந்த 10இல் மதிப்பெண் இல்லை. அதைத் தனியே சோதித்த ஆய்வு 2020இல் வெளியானது: 17 நாடுகள், 2,970 நோயாளிகள். முறிவு உறுதியானதிலிருந்து அறுவை சிகிச்சை வரை இடைநிலை நேரம் ஒரு பிரிவில் 6 மணி, மற்றதில் 24 மணி. 90 நாளில் இறந்தவர்கள் முறையே 140, 154. இந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம். மனக்குழப்பத்துக்கு ஆளானவர்கள் 132, 175.