ஆள் போனாலும் பல் பேசும்!

‘பல்லு போனா சொல்லு போச்சு’ என்று நம்ம ஊரில் ஒரு பழமொழி உண்டு. தடய அறிவியல் நிபுணர்களைக் கேட்டால் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள். ஆள் போய், சதை போய், முகம் போய், கடைசியில் பல்லும் நாலு எலும்பும் மட்டும் மிச்சம் இருந்தால்கூட, அதுகள் பேசுமாம். கோர்ட்டில் கூண்டேறி சத்தியப் பிரமாணம் எடுக்காததுதான் பாக்கி!

இந்த மாதிரி வழக்குகளைத் தேடித் தேடிப் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. (“சாப்பிடற நேரத்துல இதெல்லாம் படிக்கணுமா?” என்பது வீட்டில் நிரந்தரக் கேள்வி.)

முதலில் எலும்பு. பிறக்கும்போது நமக்குக் கிட்டத்தட்ட 300 எலும்புகள். வளர வளர ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பெரியவர்கள் ஆகும்போது 206-ல் வந்து நிற்கிறது. எது எந்த வயசில் ஒட்டும் என்பதற்கு ஒரு டைம்டேபிளே இருக்கிறது. கழுத்துக்குக் கீழே இருக்கிற காறை எலும்பின் உள்முனைதான் கடைசி ஆசாமி. இருபதுகளின் நடுவில் ஆரம்பித்து முப்பது வாக்கில் சாவகாசமாக ஒட்டுகிறது. ஆணா, பெண்ணா? இடுப்பெலும்பைப் பார்த்தால் போதும். பிரசவத்துக்கு வசதியாகப் பெண்ணுக்கு அகலம். உயரம்? தொடை எலும்பை அளக்கிறார்கள். ஆளின் உயரத்தில் ஏறக்குறைய கால் பங்கு அது. ஒரு விஷயம் கவனியுங்கள்... நல்ல நிபுணர் யாரும் ‘வயசு 27’ என்று அடித்துச் சொல்வதில்லை. ‘இத்தனையிலிருந்து இத்தனைக்குள்’ என்றுதான் சொல்வார். இந்த அடக்கம் ரொம்ப முக்கியம். ஏன் என்று பிற்பாடு சொல்கிறேன்.

பல்லின் கதை இன்னும் சுவாரஸ்யம். உடம்பிலேயே கெட்டியான சமாசாரம் பல்லின் மேல்பூச்சான எனாமல்தான். தீயில்கூட லேசில் அழியாது. 1849-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜார்ஜ் பார்க்மன் என்ற பணக்காரர், ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் கெமிஸ்ட்ரி புரொபசராக இருந்த வெப்ஸ்டருக்குக் கடன் கொடுத்திருந்தார். நவம்பர் 23-ம் தேதி வசூலுக்குப் போனவர் திரும்பவே இல்லை. பி.காம். படித்தபோது ‘வாராக்கடன்’ என்று ஒரு பாடம் உண்டு. கடன் கொடுத்தவரே வராமல் போனது இந்தக் கேஸில்தான்! கல்லூரி வேலையாள் சந்தேகப்பட்டு, புரொபசரின் ஆய்வுக்கூடத்துக்குக் கீழே சுவரை உடைத்துப் பார்த்தால், உடம்பின் பாகங்கள். அடுப்பில் கருகிய எலும்புகளோடு பொய்ப்பல் துண்டுகள். “இது நான் பார்க்மனுக்குச் செய்து கொடுத்த பல்” என்று சாட்சி சொன்னார் பல் டாக்டர் நாதன் கீப். அச்சும் அவரிடம் பத்திரமாக இருந்தது. கச்சிதமாகப் பொருந்தியது. மறு வருஷம் ஆகஸ்டில் புரொபசருக்குத் தூக்கு.

1952-ல் சென்னையைக் கலக்கிய ஆளவந்தார் வழக்கை நம்ம பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. உடல் மானாமதுரையில் ரயில் பெட்டியில், தலை ராயபுரம் கடற்கரையில்! அதிலும் மருத்துவ நிபுணர்களின் சாட்சியம்தான் இரண்டையும் ஒன்று சேர்த்தது.

ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது ரக்ஸ்டன் வழக்கை. பம்பாயில் பிறந்த பார்ஸி டாக்டர். இங்கிலாந்தில் லங்காஸ்டருக்குப் போய், பக் ரக்ஸ்டன் என்று பேரை மாற்றிக்கொண்டு நல்ல பிராக்டீஸ். மனைவியாக வாழ்ந்த இஸபெல்லா மேல் ஓயாத சந்தேகம். 1935 செப்டம்பர் மத்தியில் இஸபெல்லாவும் வீட்டில் வேலை பார்த்த மேரி என்ற இளம் பெண்ணும் காணாமல் போனார்கள். இரண்டு வாரம் கழித்து, ஸ்காட்லாந்தில் மோஃபட் பக்கம் ஒரு பாலத்துக்கு அடியில் துணியிலும் பேப்பரிலும் சுற்றிய மூட்டைகள். கொலையாளி விவரமானவன். கண், காது, மூக்கு, விரல் நுனி, பல்... அடையாளம் காட்டக்கூடிய அத்தனையையும் எடுத்துவிட்டிருந்தான். ‘இதைச் செய்தவனுக்கு வைத்தியம் தெரியும்’ என்று அதுவே சொல்லிக் கொடுத்துவிட்டது!

நிபுணர்கள் கிளாய்ஸ்டரும் பிராஷும் துண்டுகளைச் சேர்த்து இரண்டு பெண்களாக்கினார்கள். பல்லைப் பிடுங்கினால் போதும் என்று நினைத்தாரே டாக்டர், குழியை மறந்துவிட்டார். எப்போதோ பிடுங்கிய பல்லின் குழி ஆறி மூடியிருக்கும்; சமீபத்தில் பிடுங்கியது ஆறியிருக்காது. பழைய குழி எது, புதுக் குழி எது என்று பிரித்துவிட்டார்கள். இஸபெல்லாவின் போட்டோவை மண்டையோட்டின் அளவுக்குப் பெரிதாக்கி, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். பொருந்தியது! அந்தப் போட்டோவில் அவள் தலையில் வைத்திருந்த கிரீட நகைதான் அளவுகோல். அதுபோக, மூட்டை சுற்றிய பேப்பர் லங்காஸ்டர் வட்டாரத்துக்கென்று அச்சடித்த விசேஷப் பதிப்பு. 1936 மே 12-ம் தேதி ரக்ஸ்டன் தூக்கிலிடப்பட்டார்.

கவனித்தீர்களா? எலும்பு, பல் குழி, போட்டோ, பேப்பர் என்று எல்லாமே ஒரே விரலாக ஒரே ஆளைக் காட்டின. ஒற்றைச் சாட்சியை நம்பி யாரும் குதிக்கவில்லை.

குதித்தால் என்ன ஆகும்? ரே குரோன் என்ற போஸ்ட்மேனைக் கேளுங்கள்.

1991 டிசம்பரில் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில், மதுக்கடையில் வேலை பார்த்த ஒரு பெண் கொலை செய்யப்பட்டாள். உடம்பில் கடித்த தடம். அந்தக் கடைக்கு வந்து போகிறவர் குரோன்; பல் கொஞ்சம் கோணல். போலீஸ் ஒரு தெர்மோகோல் துண்டைக் கொடுத்துக் கடிக்கச் சொன்னது. அவரும் ‘மடியில் கனமில்லை’ என்று கடித்துக் கொடுத்தார். ‘தடம் இவர் பல்லோடு பொருந்துகிறது’ என்று நிபுணர் கோர்ட்டில் சாட்சி சொன்னார். பத்திரிகைகள் ‘தெத்துப்பல் கொலைகாரன்’ என்று பட்டம் கட்டின. 1992-ல் மரண தண்டனை. 1996-ல் மறு விசாரணை. மறுபடியும் குற்றவாளி, இந்தத் தடவை ஆயுள் தண்டனை. 2002-ல்தான், செத்த பெண்ணின் உடையில் இருந்த எச்சிலை டி.என்.ஏ. சோதனை செய்தார்கள். குரோனுடையது இல்லை. வேறொரு குற்றத்துக்காக ஏற்கெனவே ஜெயிலில் இருந்த இன்னொரு ஆளுடையது! பத்து வருஷம் கழித்து வெளியே வந்தார் குரோன். ஒரு கோணல் பல்லுக்குப் பத்து வருஷம்.

பல் பொய் சொல்லவில்லை சார். சொன்னது தோல். பல் டாக்டர் அச்சு எடுக்கிற மெழுகு மாதிரி இல்லை தோல். இழுபடும், வீங்கும், கன்றிப் போகும், நாளாக ஆக உருவம் மாறும். அதில் பதிவதும் முன்பற்கள் சிலதான். அதை வைத்துக்கொண்டு ‘சாட்சாத் இந்த ஆள்தான்’ என்று சொல்ல விஞ்ஞான ஆதாரம் போதாது என்று 2009-ல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அகாடமி எச்சரித்தது. 2022-ல் அந்த நாட்டின் தர நிர்ணய நிறுவனமான ‘நிஸ்ட்’டும் அதையே சொன்னது. நம் நாட்டில் 2012 டெல்லி பஸ் வழக்கிலும் கடித்தடம் சாட்சியமாக வந்தது. ஆனால் கூடவே டி.என்.ஏ.வும், மரண வாக்குமூலமும் இருந்தன.

பல்லை வைத்து ஆளை அடையாளம் காண்பது வேறு. கடித்தடத்தை வைத்து ஆளைப் பிடிப்பது வேறு. முன்னதற்குப் பழைய எக்ஸ்ரே, ரெக்கார்டு என்று ஒத்துப் பார்க்க ஏதாவது இருக்கும். 2004 சுனாமியில் தாய்லாந்தில் இறந்த வெளிநாட்டுக்காரர்கள் பலரை அவரவர் ஊர் பல் டாக்டரின் ஃபைல்தான் குடும்பத்திடம் சேர்த்தது.

அதனால் பல் டாக்டர் கொடுக்கிற எக்ஸ்ரேயைப் பரணில் எறியாமல் பத்திரமாக வையுங்கள். ஒருநாளும் அது தேவைப்படாமல் இருக்கட்டும். யாராவது தெர்மோகோலை நீட்டி, “சும்மா ஒரு கடி கடிங்க சார்” என்றால் மட்டும், வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள்!