கென்யா சஃபாரிக்குக் கிளம்புகிறவர்கள் கவனத்துக்கு

மசாய் மாராவில் ஜூலை முதல் அக்டோபர் வரை காட்டு மாடுகளின் மந்தைகள் ஆற்றைக் கடக்கும். அதைப் பார்க்கக் கிளம்பும் நம்மவர்கள் பலர், குளிராடை பற்றி விசாரிக்கும் அளவுக்குக் காய்ச்சலைப் பற்றி விசாரிப்பதில்லை. வெயிலிலும் கொசுக்கடியிலும் வளர்ந்த உடம்பு, தாங்கிவிடும் என்று நினைக்கிறார்கள். மலேரியா விஷயத்தில் இந்த நம்பிக்கை ஆபத்தானது. அந்த நோய்க்கு எதிர்ப்பு சக்தி, திரும்பத் திரும்ப நோய் வந்தவர்களுக்கே ஓரளவு உண்டாகிறது. இடைவெளி விட்டால் அதுவும் குறைந்துபோகிறது. தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில் மலேரியா அரிதாகிவிட்ட இன்று, மசாய் மாராவில் இறங்கும் சென்னைக்காரருக்கும் லண்டன்காரருக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

முதலில் ஊசி

கென்யா செல்லும் இந்தியர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். போட்ட 10 நாட்களுக்குப் பிறகே சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதால், கடைசி வாரத்தில் ஓடிப் பயனில்லை. சென்னையில் கிண்டி கிங் நிலையத்திலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். முன்பதிவு விவரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள். ஒருமுறை போட்டால் போதும். 2016 ஜூலை முதல் அந்தச் சான்று ஆயுள் முழுக்கச் செல்லும்.

சான்று இல்லாமல் திரும்பினால் விமான நிலையத்திலேயே 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. மஞ்சள் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் ஊரில் ஏராளம். அந்த வைரஸ் மட்டும் இன்னும் இங்கே வரவில்லை.

இது உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட வைரஸால் ஆன ஊசி. முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், 60 வயதைக் கடந்தவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

மாத்திரையை நடுவில் நிறுத்தாதீர்கள்

கென்யாவில் பெரும்பாலும் காணப்படுவது ஃபால்சிபாரம் வகை மலேரியா. மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியது. அதைத் தடுக்க டாக்ஸிசைக்ளின், மெஃப்ளோகுயின், அடோவகோன்-புரோகுவானில் ஆகியவற்றில் ஒன்றை மருத்துவர் தேர்ந்து கொடுப்பார். டாக்ஸிசைக்ளின் என்றால் திரும்பிய பிறகும் 4 வாரம் விழுங்க வேண்டும். பலர் தவறவிடுவது இங்கேதான். கடித்த கொசு விட்ட கிருமி முதலில் கல்லீரலில் தங்கிப் பெருகி, பிறகே இரத்தத்தில் இறங்குகிறது. அப்படி இறங்கும்போது மருந்து அங்கே காத்திருக்க வேண்டும். இந்த மாத்திரை சிலருக்கு வெயில் பட்டால் தோலைச் சிவக்க வைக்கும். நிறையத் தண்ணீருடன் விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும்.

மாத்திரையும் முழுக் காவல் அல்ல. மலேரியாவைப் பரப்பும் அனோஃபிலிஸ் கொசு அந்தி முதல் விடியல் வரை கடிக்கும். அந்த நேரத்தில் முழுக்கைச் சட்டை, கொசு விரட்டிக் களிம்பு, மருந்து தோய்த்த கொசுவலை மூன்றும் வேண்டும். கூடார விடுதியில் வலை கட்டியிருந்தாலும் கிழிசல் இருக்கிறதா என்று பாருங்கள். நைரோபி உயரமான ஊர் என்பதால் அங்கே ஆபத்து குறைவு. மொம்பாசா கடற்கரையிலும் விக்டோரியா ஏரிப் பக்கத்திலும் மிக அதிகம்.

அந்த ஏரியில் இறங்கிக் குளிக்கவும் வேண்டாம். நத்தைகளிலிருந்து வெளிவரும் பில்ஹார்சியா புழு தோல் வழியே உடம்புக்குள் புகுந்துவிடும்.

வயிற்றுக்கு

மூடி திறக்காத பாட்டில் தண்ணீர், சூடாக இறக்கிய உணவு, நீங்களே தோலுரித்த பழம். ஐஸ் வேண்டாம். பேதி வந்தால் முதலில் ஓஆர்எஸ் பொட்டலம். இங்கிருந்தே நாலைந்து கொண்டுபோகலாம். இரத்தம் கலந்தோ காய்ச்சலுடனோ வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

திரும்பிய பின் காய்ச்சல்

எனக்கு மிகுந்த கவலை தருவது இதுதான். சஃபாரி முடித்து ஊர் திரும்பும் அக்டோபரில் இங்கே மழையும் டெங்குவும் தொடங்கியிருக்கும். காய்ச்சலோடு போனால் மருத்துவர் டெங்கு, டைஃபாய்டு என்று யோசிப்பதே இயல்பு. ஆகவே உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாக, “கென்யா போய் வந்தேன்” என்று சொல்லுங்கள். ஃபால்சிபாரம் பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் தலைகாட்டும். சிலருக்குச் சில மாதங்கள் கழித்தும் வரும். அன்றே மலேரியா இரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டும். ‘இல்லை’ என்று வந்தாலும் காய்ச்சல் நீடித்தால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் இன்னும் இரண்டு முறை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். டெங்கு இல்லை என்று தெரியும் வரை ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வேண்டாம், பாராசிட்டமால் போதும்.