மலை சரியுமுன்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளிதான். மலையையே மூடும் உறைபனியை, இமயத்தின் நெடுவழிகளில் நடக்கச் செல்லும் நம்மவர் சிலரே கண்டிருப்பர். மண்சரிவை அறிந்த நாட்டினர், அதன் உடன்பிறப்பாகிய பனிச்சரிவையும் அறிந்துகொள்ளுதல் நன்று.

மலைச்சாரலிற் கிடக்கும் பனி ஒரே பஞ்சுப்பொதியன்று. ஒவ்வொரு பொழிவும் ஒவ்வோர் அடுக்காகப் படிகிறது. ஓர் அடுக்கு பலகைபோல் இறுகும். மற்றொன்று சர்க்கரைபோல் உதிரியாகவே கிடக்கும். உதிரிப்பனியின்மேல் கனத்த பலகை அமர்ந்துவிட்டால், அதைப் பெயர்க்க ஒரு மனிதனின் காலடியே போதும். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளே மிகக் கொடியவை. புதிதாய்ப் பெய்த பெரும்பனி, பலத்த காற்று, திடீர் வெப்பம், காலடியில் ஓடும் விரிசல் ஆகியன மலை தரும் எச்சரிக்கைகள். புதையுண்டவனைப் பத்து நிமிடங்களுக்குள் மீட்டால் பெரும்பாலும் பிழைப்பான். அரைமணி கடந்தால் நம்பிக்கை அருகிவிடும். ஆதலின், அவனைக் காக்கக்கூடியவன் உடன் நடக்கும் துணைவனே.

2014 ஒக்டோபர் 12ஆம் திகதி, வங்கக் கடலில் வலுப்பெற்ற ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தைத் தாக்கியது. அதன் எச்சமே இரண்டு நாட்களின் பின் நேபாளத்தின் அன்னபூர்ணா மலைகளிற் பனியாய்க் கொட்டியது. முக்திநாத் தலத்துக்கு மேலே, 5,416 மீற்றர் உயரத்திலுள்ள தொரோங் கணவாயிலும் சுற்றுப்புறங்களிலும் பனிப்புயலுக்கும் பனிச்சரிவுக்கும் குறைந்தது 43 பேர் பலியாயினர். புயலின் வரவை வானிலையாளர் முன்னரே அறிந்திருந்தனர். மலைவழியில் நடந்தோர் பலருக்கு அச்செய்தி எட்டவில்லை.

அதே மாதம் 29ஆம் திகதி, நமது கொஸ்லந்தையில் மீரியாபெத்தைத் தோட்டத்தின் லயன்களை மலைமண் மூடியது. பனிக்குப் பதில் மழைநீர். பாரம் ஏறப் பிடிப்புத் தளர்ந்து மலை இறங்கும் விதி ஒன்றே. அவ்விடம் ஆபத்தானதெனத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரை எட்டினால் விழிப்பு, 100ஐ எட்டினால் ஆயத்தம், 150ஐ எட்டினால் வெளியேற்றம் என்பது அந்நிறுவனம் வகுத்துள்ள அளவுகோல்.

அபாயத்தைக் கண்ட மலைப்பயணி வந்த வழியே திரும்பலாம்; அவனுக்கென ஒரு வீடு வேறிடத்தில் இருக்கிறது. லயத்தில் உறங்கும் தொழிலாளிக்கோ அம்மலையே வீடு. சொந்தமாய் ஒரு துண்டு நிலமும் இல்லாதவனிடம் "வெளியேறு" என்றால், அவன் எங்கே போவான்? மழைமானி சொல்லும் எச்சரிக்கையோடு, போய்ச்சேரப் பத்திரமான ஓரிடத்தையும் கொடுத்தாலன்றோ அவ்வெச்சரிக்கை முழுமை பெறும்!