தியரி ஒன்று சொல்ல, டேட்டா வேறு சொன்னால்... பொருளாதார நிபுணர்கள் என்ன செய்வார்கள்?

ஒரு நாட்டில் எது தாராளமாகக் கிடைக்கிறதோ, அதை அதிகம் பயன்படுத்தும் பொருட்களை அந்த நாடு ஏற்றுமதி செய்யும். ஸ்வீடனின் எலி ஹெக்சர், பெர்ட்டில் ஓலின் உருவாக்கிய தியரி இது. கேட்டால், ‘கரெக்ட்தானே!’ என்று தோன்றும். ஆனால், 1953-ல் இதற்குச் சோதனை வந்தது.

கணக்கு என்ன சொன்னது?

மூலதனத்தில் அப்போது உலகின் முதலிடம் அமெரிக்காவுக்கு. அதன் 1947-ம் ஆண்டு புள்ளிவிவரத்தை எடுத்துக் கணக்குப் போட்டார் வாசிலி லியான்டீஃப். ஏற்றுமதித் தொழில்களில் ஒரு தொழிலாளிக்கு சுமார் 14,000 டாலர் மூலதனம். இறக்குமதிக்குப் போட்டியாக உள்நாட்டில் இயங்கும் தொழில்களில் சுமார் 18,000 டாலர். அதாவது, தியரி சொன்னதற்கு அப்படியே தலைகீழ்!

தியரியைத் தூக்கிப் போட்டார்களா?

இல்லை. ‘ஒரு அமெரிக்கத் தொழிலாளி மூன்று வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்குச் சமம். ஆக, அமெரிக்காவில் ஆள்பலம்தான் அதிகம்’ என்று விளக்கினார் லியான்டீஃப். பலர் ஏற்கவில்லை. படிப்பையும் பயிற்சியையும் மூலதனமாக எண்ண வேண்டும் என்றனர் சிலர். இயற்கை வளத்தை விட்டுவிட்டார், இறக்குமதி வரியை மறந்துவிட்டார் என்றனர் வேறு சிலர். ‘ஒப்பிட்ட முறையே தப்பு’ என்று 1980-ல் காட்டினார் எட்வர்ட் லீமர்.

அப்போ தியரி ஜெயித்துவிட்டதா? அதுவும் இல்லை. அதே லீமர் இன்னும் இருவருடன் சேர்ந்து 27 நாடுகளை ஆராய்ந்து, 1987-ல் முடிவை வெளியிட்டார். தியரியின் கணிப்பு, காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடப் பெரிதாகத் தேறவில்லை.

சாக்கா, திருத்தமா?

தோற்ற தியரியைக் காப்பாற்றச் சொல்லும் காரணம் எல்லாமே சாக்கு அல்ல. அந்தக் காரணத்தையே தனியாகச் சோதிக்க முடிந்தால், அது திருத்தம். உதாரணமாக, பயிற்சி பெற்ற தொழிலாளர்கள் அமெரிக்க ஏற்றுமதித் தொழில்களில்தான் அதிகம் என்பது பிறகு ஆய்வில் தெரியவந்தது. நாட்டுக்கு நாடு உற்பத்தித்திறன் மாறும் என்பதைக் கணக்கில் சேர்த்த டேனியல் டிரெஃப்லர், லியான்டீஃப் சொன்னதே சரி என்று 1993-ல் தன் கட்டுரைத் தலைப்பிலேயே அறிவித்தார். அன்று எடுபடாத விளக்கம், 40 ஆண்டுகள் கழித்துக் கணக்கில் நின்றது!

நமக்கென்ன?

வர்த்தகத்தைத் திறந்துவிட்டால் யார் சம்பளம் ஏறும், யார் சம்பளம் இறங்கும் என்று கணிப்பதும் இதே தியரியை வைத்துத்தான். எனவே அடுத்த முறை ‘தியரிப்படி எல்லாருக்கும் லாபம்’ என்று யாராவது சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘டேட்டா என்ன சொல்லுது?’