ஒரு விளக்கும் ஒரு குடையும்

காமிராவும் லென்ஸும் வாங்கி, வெயிலிலும் நிழலிலும் ஓராண்டு சுற்றியலைந்த பிறகு, வீட்டு அறையிலேயே ஒரு சிறு ஸ்டுடியோ அமைத்தால் என்ன என்ற ஆசை புகைப்படக்காரருக்கு எழுவது இயல்பு. அந்த ஆசையோடு அவர் கடையில் போய் நின்றால், மூன்று விளக்கும் மூன்று ஸ்டாண்டும் குடைகளும் அடங்கிய பெரிய பெட்டி ஒன்றைக் கடைக்காரர் எடுத்து முன்னே வைப்பதும் இயல்பே. என் அபிப்பிராயத்தில் அந்தப் பெட்டி வேண்டாம். அதே பணத்துக்கு நல்ல விளக்கு ஒன்று, அதன் வெளிச்சத்தைப் பரப்பும் பெரிய குடை ஒன்று, ஆட்டம் காணாத ஸ்டாண்டு ஒன்று வாங்குவதே உத்தமம்.

விளக்கு என்று நான் சொல்வது ஸ்டுடியோ ஃபிளாஷை. அது, வீட்டு மின்சாரத்தை மின்தேக்கியில் சேர்த்துவைத்து, ஷட்டர் திறக்கும் க்ஷணத்தில் செனான் வாயு நிரம்பிய குழாய் வழியே அத்தனையையும் ஒரேயடியாகக் கொட்டிவிடுகிற யந்திரம். அமெரிக்காவில் மாஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் ஹெரால்டு எட்ஜர்ட்டன், சுழல்கின்ற மோட்டார்களை நின்றதுபோல் பார்க்க விரும்பி 1930-களில் இவ்வகை வெளிச்சத்தை வளர்த்தெடுத்தார். விழுந்த பால்துளி கிரீடமாகச் சிதறும் அவருடைய 1957-ம் ஆண்டு வண்ணப்படத்தை வாசகர்களில் பலர் எங்கேனும் பார்த்திருக்கக்கூடும்.

விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது விளக்கின் சக்தி. அதை ஜூல் என்றும் வாட்-விநாடி என்றும் குறிப்பார்கள், இரண்டும் ஒன்றுதான். 200 ஜூல் விளக்கைவிட 400 ஜூல் விளக்கு இரட்டிப்புப் பலமுள்ளது என்பது மெய்யே எனினும், படத்தில் அதன் பலன் ஒரே ஒரு ஸ்டாப். எஃப் 8-ல் எடுத்த படத்தை எஃப் 11-ல் எடுக்கலாம், அவ்வளவே. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், நாலடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு 200 ஜூலே தாராளம். ஆகையால் எவ்வளவு கூட்டலாம் என்பதைவிட எவ்வளவு குறைக்கலாம் என்பதே கடையில் கேட்க வேண்டிய பிரதானமான கேள்வி. முப்பத்திரண்டில் ஒரு பங்காகக் குறைகிற 200 ஜூல் விளக்கு சுமார் 6 ஜூலில் நிற்கும். லென்ஸை அகலத் திறந்து, பின்னணியை மங்கலாக்கி முகத்தை மட்டும் துலக்கிக் காட்ட விரும்புகிறவருக்கு அந்தச் சொற்ப வெளிச்சமே கைகொடுக்கும்.

ஷட்டர் வேகத்திலும் கவனம் வேண்டும். என் முதல் நாள் அனுபவத்தில், எடுத்த படங்கள் அனைத்திலும் பாதிக்குமேல் கறுப்புப் பட்டை விழுந்திருந்தது. காமிரா பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன். பிழையோ என்னுடையது, ஷட்டரை 1/500-ல் வைத்திருந்தேன். ஷட்டரின் முதல் திரை முழுதும் விலகி, இரண்டாம் திரை புறப்படுவதற்கு முன் உள்ள இடைவெளியில்தான் ஃபிளாஷ் மின்ன வேண்டும். அந்த வேகத்திலோ முதல் திரை ஓடி முடிப்பதற்குள் இரண்டாவது பின்தொடர்ந்து பாதியை மூடிவிடுகிறது. பல காமிராக்களில் எல்லை 1/200 அல்லது 1/250. புதியவருக்கு 1/125 நிம்மதி.

இனி விளக்கை வைக்கும் விதம். வெள்ளை வேட்டி கட்டிய கறுத்த மேனித் தாத்தா ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்துப் படமெடுப்பதாகக் கொள்வோம். முகம் துலங்கினால் வேட்டி சுண்ணாம்பாய் வெளுத்துப்போகிறது; வேட்டியின் மடிப்பு தெரிந்தால் முகம் இருண்டுவிடுகிறது. விளக்கைப் பத்தடி தள்ளி வைத்தால் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே வெளிச்சம் விழுவதால் இந்தச் சங்கடம் தீராது. குடையை உயர்த்தி, முகத்துக்கு மூன்றடியில் கொண்டுவந்து பாருங்கள்: மடி ஐந்தடியில் இருக்குமானால், தூரத்தின் வர்க்கத்துக்கேற்ப ஒளி குறைவதால், முகத்தில் விழுவதில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே வேட்டிக்குக் கிடைக்கும். மடிப்பு மடிப்பாகத் துணியும் தெரியும், கன்னத்துச் சுருக்கமும் தெரியும். மூக்குக்கண்ணாடியில் விளக்கு பிரதிபலித்தால் ஸ்டாண்டை இன்னும் அரையடி உயர்த்துங்கள், பெரும்பாலும் மறைந்துவிடும்.

குடையைப் பெரிதாக வாங்கச் சொன்னதற்குக் காரணம் நிழல். நிழலின் கடுமையும் மென்மையும் முகத்தின் கண்ணுக்கு விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தவை. நாலடிக் குடையும் பத்தடி தள்ளிப்போனால் சின்ன விளக்காகிவிடும். குடைக்குப் பதிலாக விளக்கின் முன் மாட்டும் துணிப்பெட்டியான சாஃப்ட்பாக்ஸ் வெளிச்சத்தைக் கண்டபடி சிதறவிடாது என்பது வாஸ்தவம். ஆனால் குடை மலிவு, விரிக்க அரை நிமிஷம் போதும். பின்னால் சாஃப்ட்பாக்ஸுக்கு மாற நினைப்பவர் விளக்கின் முகப்பு போவன்ஸ் வகையா என்று பார்த்துக்கொள்வது நல்லது. அந்த பிரிட்டிஷ் கம்பெனி 2017-ல் மூடப்பட்டுவிட்ட போதிலும், அதன் முகப்பைப் பல கம்பெனிகள் இன்னும் பின்பற்றுவதால் பொருத்தமான சாமான் எளிதில் கிடைக்கிறது.

பழைய விளக்கை விலைக்கு வாங்குகிறவர்கள் அதைக் கம்பியால் காமிராவோடு இணைக்காமல் ரேடியோ ட்ரிக்கர் பயன்படுத்துவது க்ஷேமம். சில பழைய ஃபிளாஷ்கள் காமிராவுக்கு அனுப்பும் மின்னழுத்தம் இன்றைய காமிராவைக் கெடுத்துவிடும். பழுதானால் திறந்து பார்க்கவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கியில் உயிரைப் பறிக்கத்தக்க மின்சாரம் தங்கியிருக்கக்கூடும்.

ஸ்டாண்டின் காலில் ஒரு மணல் பையைப் போட்டு வையுங்கள். குடையை விரிப்பதற்கு முன் சீலிங் ஃபேனை நிறுத்திவிடுங்கள்.